கழுதையின் சிறுநீரகம்

மகள் மிருக வைத்தியம் படித்தாள். சண்டையைச் சாட்டிக் கம்பஸை மூடியபோது, பாதியில் நின்ற படத்தைக் கீறி முடிக்கவென்று கழுதையின் சிறுநீரகம் ஒன்றைப் போத்தலில் போட்டு வெள்ளவத்தை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள். எனக்கு எழுத்து வாசிப்புக் குறைவு. ஆனால் முட்டைகூடப் படாத அடுப்பு என்னுடையது. போத்தலைக் குளியலறையில், வாளிக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்.

இரத்தம் கொண்டுபோகிற நாடிக்குள் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள்.

"பாருங்கோம்மா, கழுதைக்கு எல்லா நாடியும் கிட்னியின்ர வாசலாலை போகாது. சிலது வெளியாலை ஊர்ந்து போய்த்தான் உள்ளுக்கு இறங்கும்" என்பாள். படத்தில் கிளைக்குக் கிளை இலக்கம் போடுவாள்.

ஒருநாள் காலை பொலிசார் சோதனைக்கு வந்தார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இது எந்த இடத்து மெப்?"

"மெப் இல்லை சேர். கழுதையின்ர கிட்னி. போத்தலிலை கிடக்கு. அம்மா, எடுத்துக் காட்டுங்கோ."

வாசலில் பக்கத்து வீட்டார் நின்றார்கள். பூசைக்கு என் கையால் மோதகம் கேட்டு வாங்குகிற சனம்.

"எங்கட வீட்டிலை அப்பிடி அசிங்கம் ஒண்டும் இல்லை" என்றுவிட்டேன்.

மகள் என்னைப் பார்த்தாள். என்னைப் பொய்காரி ஆக்க மனம் வரவில்லையோ, பயத்தில் நா எழவில்லையோ, தெரியாது. நான் மறுபடி வாயைத் திறக்கமுன், மகளையும் படத்தையும் கொண்டு ஜீப் காலிக்குப் போகிற பெருவீதியில் ஏறிவிட்டது.

மத்தியானம் போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். நான் இருக்கவில்லை. அதே அதிகாரி வந்து படத்தை விரித்தார். அதுவரை தொடாத அந்தப் பொருளைக் கைவிட்டு வெளியே எடுத்து, மகள் சொன்னபடியே நாடி நாடியாகக் காட்டினேன். வாசலால் போகிறது இது, வெளியால் ஊர்ந்து இறங்குகிறது இது. ஒன்றும் பிசகவில்லை.

"சரிதான் அம்மே." மூக்கைப் பொத்திக்கொண்டார். "அப்ப காலையில ஏன் இல்லை சொன்னது?"

"வெக்கம், ஐயா."

"வெக்கமா?" பக்கத்தில் நின்றவனுக்குச் சிங்களத்தில் சொல்ல, அவனும் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "மகள் பொய் சொன்னது எண்டு நான் எழுதி மேலே அனுப்பினது. மகளையும் அங்க அனுப்பியாச்சு. இனி நம்ம கையில இல்லை."

எட்டு மாதம் உள்ளே இருந்தாள். பார்க்கப் போகிற நாட்களில் சாப்பாட்டைப் பற்றி, தலைமுடி கொட்டுவதைப் பற்றிக் கதைப்பாள். அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.