சுவரில் கால் சாத்திச் சைக்கிளைக் காப்பாற்றியது

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் நான். அம்பத்தூரில் இரண்டு லேத் பட்டறை, காட்டுப்பாக்கத்தில் மாடி வீடு, எல்லாம் என் கையால் வந்தவை. யாரும் ஒரு ஸ்குரூ முடுக்கித் தந்ததில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய கண்டுபிடிப்பைப் பன்னிரண்டு வயதிலேயே செய்துவிட்டேன்.

அப்போது சேக்காட்டில் இருந்தோம். கால் வலி என்று ஒரு நாள் முனகினாலும் அண்ணனுக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் அப்பா தன் பழைய சைக்கிளை எனக்குக் கொடுத்தார். ஓட்டப் பழகிய மூன்றாம் நாளே, சனிக்கிழமை காலையில், வேப்பம்பட்டு வரை மிதித்துத் திரும்பினேன். இறங்கினால் தொடை இரண்டும் என்னுடையவையாக இல்லை.

"இன்னாடா, வாத்து மாதிரி நடக்கிற?" என்றான் அண்ணன். "நாளைக்கு மாதா கோயில்ல முட்டி போட்டு எப்டி எழுந்திருக்கிறேன்னு பாக்கறேன். அப்பா கண்ணுல பட்டா சைக்கிள் என்னுது மாமே."

உள்ளறையில் மல்லாந்து விழுந்து, கால்களைத் தூக்கிச் சுவரில் சாத்தினேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைகளில் இறங்கிய வெயில் சுவரில் வட்டம் வட்டமாக மிதந்தது. எங்கோ மின்சார ரயில் போயிற்று. கண்ணை மூடினால் சுவரே சாலையாகி, மிதிக்காமலேயே மேலே மேலே போய்க்கொண்டிருந்தேன். வலி தொடையிலிருந்து மணல் போலச் சரிந்து இறங்கியது.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்து வந்தாள்.

"இன்னா நைனா, சுவத்துல நடந்துகினு கீற?"

"கால் வலி அத்தை. அப்பா கிட்ட சொல்லிடாத. நீயும் பண்ணிப் பாரு, ஜோரா கீது."

"அப்டியா? தள்ளிப் படு, நானும் கத்துக்கறேன்."

பக்கத்தில் படுத்துக் கால்களைத் தூக்கினாள். வெயில் வட்டங்கள் எங்கள் பாதங்களைத் தாண்டி நகர்ந்தன.

"சாயங்காலம் மெதுவா தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வா. படுத்துகினே கெடந்தா இறுகிடும்" என்றாள், கண்ணைத் திறக்காமல். போய்ச் சுற்றி வந்தேன்.

மறுநாள் பூசையில் முட்டி போட்டு, பல்லைக் கடித்து எழுந்துவிட்டேன். அப்பா கவனிக்கவில்லை. அண்ணன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சைக்கிள் என்னிடமே நின்றது.

அத்தைக்கே வித்தை கற்றுக்கொடுத்தவன் என்று வெகுநாள் பீற்றிக்கொண்டேன். சுண்ணாம்புச் சுவரில், என் கால் எட்டிய இடத்துக்கு நாலு விரல் மேலே, ஆயில் படிந்து பழசாகிப்போன இரண்டு குதிகால் கறைகள் இருந்தன. அன்றே பார்த்தேன். நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்றவள் அவள். அவை யாருடைய கறைகள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது பக்கத்து பிளாட் ஐ.டி. பிள்ளைகள் புதிதாகச் சைக்கிள் வாங்கி, காலைச் சுவரில் சாத்தச் சொல்லி ஒருவருக்கொருவர் போனில் அனுப்பிக்கொள்கிறார்கள். அனுப்பட்டும். சேக்காட்டு அத்தை என்று முதலில் போடட்டும். அடுத்த வரியில் என் பேரையும் போட்டே ஆக வேண்டும். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.