பதினோரு வகைச் சிரிப்பு

போன மாதம் வரை என் அக்கா புருஷனுக்குச் சிரிப்பதுதான் வேலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மாதச் சம்பளம் உண்டு. தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி படம்பிடிக்கும்போது பார்வையாளர்களோடு மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மேடைக்குக் கீழே நிற்பவர் விரலை உயர்த்தியதும் மாமா ஆரம்பிப்பார், மற்ற அறுபது பேரையும் அது தொற்றிக்கொள்ளும். ஜோக் எவ்வளவு சப்பையோ அவ்வளவு பாடுபட வேண்டும். சில நாள் தொண்டை கட்டி, விலாவைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேருவார்.

வீட்டில் அந்த வாய் திறக்காது. அதுதான் அக்காவின் தீராத குறை. இத்தனைக்கும் அவள் பேச ஆரம்பித்தால் எங்கள் குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். மேல்வீட்டுக்காரர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபடியே மனைவிக்குப் போனில் உத்தரவு போடுவதை அச்சு அசலாக நடித்துக் காட்டுவாள். மாமா பாஸ்போர்ட் போட்டோ முகத்தோடு கேட்பார். பாதியில் எழுந்து, "துணி காஞ்சிடுச்சா பாத்துட்டு வரேன்" என்று பால்கனிக்குப் போய்விடுவார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஒரு தடவையாவது மனுஷனைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்பது அவளுக்கு வைராக்கியமாகிவிட்டது.

"ஊருக்கெல்லாம் சிரிக்கிறாரு. நான் பேசினா மட்டும் துணி காயுது," என்பாள் என்னிடம். சும்மா சொல்வதுபோலத்தான் சொல்வாள், ஆனால் அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

போன மாதம் மாமாவை ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்கார வைத்து, பதினோரு வகையாகச் சிரிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பதவி உயர்வு வருகிறது என்று நினைத்து உயிரைக் கொடுத்துச் சிரித்திருக்கிறார். அடுத்த வாரமே, இனி நீங்கள் வர வேண்டாம், பதிவே போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போனபோது அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்குள்ளிருந்து மாமாவின் சிரிப்பு கேட்டது.

"நாலாம் நம்பரைப் போட்டிருக்கான்," என்றார் மாமா. "இந்த ஜோக்குக்கு ரெண்டாம் நம்பரே ஜாஸ்தி."

அக்கா துணி மடித்துக்கொண்டே டிவியைக் காட்டினாள். "அவராவது ஞாயித்துக்கிழமைகூட லீவு போடாம வேலைக்குப் போறாரு."

மாமாவின் முகம் அப்படியே இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணிலிருந்து நீர் வழிந்தது, சத்தமே இல்லை. வேலை போன துக்கம் என்று பதறிப்போய் அக்கா தண்ணீர் கொண்டு வந்தாள்.

"அழல," என்றார் மாமா, மூச்சு வாங்கியபடி. "என் சிரிப்பே இப்படித்தான். சத்தம் வராது. வேலைக்குன்னு வேற ஒண்ணு கத்துக்கிட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் காட்டல?"

"சிரிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவன் இப்படிச் சிரிச்சா நல்லாவா இருக்கும்? வெக்கமா இருந்துச்சு."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப, துணி காஞ்சிடுச்சான்னு பாக்கப் போனது?"

"அங்க நின்னு சிரிச்சு முடிச்சிட்டு வருவேன்."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, கோபமும் வந்திருந்தது. டிவியை அணைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் பால்கனிக் கதவை அடைத்தாற்போலப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"மேல்வீட்டுக்காரர் நேத்து மறுபடியும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு," என்று ஆரம்பித்தாள்.