மேற்படி வாத்தியார் எழுதிய பதிவேடு

பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்க முதல் தகுதி, பழைய பதிவேட்டைத் திறந்தால் தும்மாமல் இருப்பது. திண்டிவனத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் பதினெட்டு வருஷமாக அந்தத் தகுதி இல்லாமலே காலம் தள்ளுகிறேன். எங்காவது ரெக்கார்டு ரூமில் குப்பை கொட்டுகிறவராக நீங்கள் இருந்தால், மேற்கொண்டு சொல்வதைப் படித்துவிட்டு எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள்.

பெயர் தெரியாத பள்ளி

ஒரு செவ்வாய்க்கிழமை கலையரசி வந்தாள். பனமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அரசு வேலைக்கான தேர்வில் தேறிவிட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததாகச் சான்று வாங்கி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ஊரார் சான்றிதழுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பவளிடம் அந்த ஒரு சான்று மட்டும் இல்லை.

மேல் வகுப்புகளுக்கான சான்றுகள் கையில் இருந்தன; முதல் வகுப்புகள் படித்தது எந்தப் பள்ளி என்று கேட்டேன். "கிட்டங்கி ஸ்கூல்" என்றாள். பட்டியலில் அப்படி ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்ததோ, அதுதான் அதற்குப் பெயர். அது முதலில் நிலக்கடலைக் கிட்டங்கி. பிறகு பாதியில் மூட்டை, பாதியில் வகுப்பு. கடைசியில் முழுசும் பள்ளி. பிள்ளைகள் குறைந்ததும் மூடிவிட்டு, பதிவேடுகளை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு எங்கள் தலையில் கட்டினார்கள். காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரிக்குப் பெயர் இருந்தது. படித்துக் காட்டினேன்.

"மூணு வருஷம் படிச்சேன் மேடம். மல்லாட்ட வாசனகூட ஞாபகம் இருக்குது, இந்தப் பேரை இன்னிக்குத்தான் கேக்கறேன்."

தபால்காரர் பிடித்த ஏர்

அந்தப் பெட்டியைப் போன வருஷமே ஒரு முறை திறந்து நொந்திருக்கிறேன். அங்கே தலைமையாசிரியராக இருந்தவருக்குக் கை வலி போலும். முதல் பிள்ளைக்கு முழுசாக எழுதுவார், அடுத்ததிலிருந்து 'மேற்படி'தான். மதம் மேற்படி, ஊர் மேற்படி, தகப்பனார் தொழில் மேற்படி. அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது. நான் வைத்த பெயர் மேற்படி வாத்தியார்.

தன் பழைய சான்றிதழ் தொலைந்துபோய் நகல் கேட்டு வந்த ஒரு பெரியவருக்கு அவருடைய வரியைக் காட்டினேன். தொழில் பத்தியில் விரலை மேலே நகர்த்திக்கொண்டே போனால் 'விவசாயம்' என்று நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எங்கப்பா போஸ்ட்மேனுங்க. சைக்கிள்ல போய்க்கினு இருந்த மனுசனை ஏர் புடிக்க வெச்சிட்டாரே."

மேலே ஒன்றுமில்லை

கலையரசியின் வரி புதன்கிழமை கிடைத்தது. பயிற்று மொழி என்ற பத்தியில் 'மேற்படி'. அதற்கு மேலும் மேற்படி. பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் அதேதான். முதல் பக்கத்தில் ஒரு 'தமிழ்' இருந்தால் போதும் என்று வேகமாகப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் பத்து ஏடுகளைக் காணோம். எலிக்கும் கரையானுக்கும் தமிழ் பிடித்திருக்கிறது.

பதிவேட்டை எங்கள் எச்.எம். சாரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், ஆனால் கையெழுத்து என்றால் பேனாவை மூடிவிடுவார். அங்கே தமிழைத் தவிர வேறு எதில் சார் பாடம் நடந்திருக்கும், ஊருக்கே தெரியுமே என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம். கலையரசி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குத் தெரியும்மா, ஊரு வந்து கையெழுத்துப் போடாது. மேற்படின்னா எதுக்கு மேற்படின்னு கேப்பாங்க, நான் கரையானையா காட்டறது?"

சிவப்பு மை

வியாழக்கிழமை அவள் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். மிச்சமிருந்த ஏடுகளை, இந்த முறை அவசரப்படாமல், வரிவரியாகப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு கலையரசியின் விரல் ஓரிடத்தில் நின்றது. அவளுக்கு ஒரு வருஷம் முன்னால் சேர்ந்த ஒரு பெண். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மேற்படி வாத்தியார் தாய்மொழியை எழுத வேண்டிய பத்தியை விட்டுவிட்டு, பயிற்று மொழியில் 'தெலுங்கு' என்று எழுதியிருக்கிறார். பிறகு விழித்துக்கொண்டு அதை அடித்து, பக்கத்தில் சிவப்பு மையால் 'தமிழ்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருக்கிறார். அந்தத் தமிழுக்குக் கீழே கலையரசி வரைக்கும் மேற்படி, மேற்படி, மேற்படி. நடுவில் ஒரு வரிகூட அறுபடவில்லை.

எச்.எம். சார் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை மேடம் மேடம் என்றிருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தெலுங்குக்காரப் பொண்ணு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா, வூடு தேடிப் போய் ஒரு பொடவ எடுத்துக் குடுப்பேங்க்கா."

எனக்குத் தெரிந்து, அந்தப் பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளிலேயே ஒருத்தருக்கு உருப்படியாகப் பயன்பட்ட ஒரே வரி, தலைமையாசிரியர் தப்பாக எழுதி அடித்த வரிதான்.