நடுவில் ஓடுகிறவள்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்து மாலைநேரப் புகைப்பட வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, செவ்வாய் மாலை வகுப்பு. பருவ முடிவில் ஆளுக்கொரு விளையாட்டை எடுத்து, அசைவையும் ஷட்டர் வேகத்தையும் காட்டும் படத்தொடர் ஒன்றைச் செய்ய வேண்டும். நூலகச் சுவரில் அவை ஒரு மாதம் தொங்கும். மற்றவர்கள் சைக்கிள், படகு, கைப்பந்து என்றார்கள். என் முறை வந்தபோது ஆசிரியை, "உங்கள் நாட்டு நடனத்தை எடுக்கலாமே, உடைகள் அழகாக இருக்கும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"எனக்கு நடனம் தெரியாது. வலைப்பந்து எடுக்கப்போகிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள எங்கள் தமிழ்ப் பெண்கள், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வலைப்பந்து விளையாடுவார்கள். எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள். ஆட்டத்துக்கு நான்கு பகுதிகள் என்பதால் என் திட்டமும் நான்காகப் பிரிந்தது. முதற் பகுதியில் ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒன்று: துள்ளியவள் காற்றிலேயே நிற்க வேண்டும். இரண்டாவதில் அறுபதில் ஒன்று: உடல் தெளியும், கை கலங்கும். மூன்றாவதில் பதினைந்தில் ஒன்று, ஓடுகிறவளோடு கமெராவும் திரும்ப வேண்டும். கடைசியில் கமெராவை முக்காலியில் வைத்து அரை வினாடி: ஆட்கள் புகைபோலக் கரைவார்கள்.

முதல் ஞாயிறு எல்லாம் பிழைத்தது. மண்டப வெளிச்சம் போதாமல் ஆயிரத்தில் ஒன்று கன்னங்கரேலென்று வந்தது. மூன்றாம் பகுதியில் ஒரு படத்திலும் முகம் இல்லை. ஐந்து ஞாயிறு திரும்பத் திரும்பப் போனேன்.

நடுவில் ஆடுகிற அக்காவைத்தான் அதிகம் பின்தொடர்ந்தேன். இறைச்சித் தொழிற்சாலையில் வாரம் முழுதும் ஒரே இடத்தில் நின்று வெட்டுகிறவர். ஆட்டத்தில் அவர் நிற்கவே மாட்டார். ஐந்தாம் ஞாயிறு, என் தோளும் அவருடைய ஓட்டமும் ஒரே வேகத்தில் திரும்பிய ஒரு கணத்தில், நான் தேடிய படம் விழுந்தது. பின்னால் சுவர் முழுவதும் கோடுகளாய் இழுபட, முகம் மட்டும் அசையாமல், பல்லைக் கடித்தபடி பந்தைத் தேடியது.

அந்தப் படங்களைப் பற்றி எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலாளருக்கு எப்படியோ தெரியவந்து, தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, பொம்பிளையள் துள்ளுறதை எல்லாம் சுவரில கொழுவேலாது. சனம் என்ன கதைக்கும்? பரிசு குடுக்கிற படங்களைப் போடுங்கோ, வடிவாய் இருக்கும்."

"ஆம்பிளையளின்ர உதைபந்துப் படம் சங்கச் சுவரில எத்தினை வருசமாத் தொங்குது, அண்ணை?"

"அது வேற."

"எனக்கு வேறயாத் தெரியேல்ல" என்று வைத்துவிட்டேன். ஆனால் முடிவு அவருடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. அடுத்த ஞாயிறு படங்களை மண்டபத் தரையில் பரப்பிப் பெண்களிடமே கேட்டேன். இருவர் முகம் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு அரை வினாடிப் படங்கள். அவற்றில் அவர்களைப் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. நடுவில் ஆடுகிற அக்கா தன் படத்தின் முன் குந்தியிருந்து கனநேரம் பார்த்தார்.

"ஓடேக்க என்ர மூஞ்சை இப்பிடியே இருக்கும்?"

"ஓம். பிடிக்கேல்லையோ?"

"கோபக்காரி மாதிரி இருக்கிறன்." பிறகு எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இதைத்தான் பெரிசாப் போடவேணும். வாசலுக்கு நேர போடு."

அப்படியே போட்டேன். கண்காட்சி தொடங்கிய அன்று செயலாளரும் வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டுபோய், அக்காவின் படத்தடியில் நின்று, "கழட்டினால் நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். நான் பதில் சொல்ல முன்னரே அக்கா வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார்.

"அண்ணை, அது நான். என்னைக் கழட்டச் சொல்லி என்னட்டைச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். படம் அந்த மாதம் முழுக்கத் தொங்கியது.

இந்த வருடம் சங்க விளையாட்டுப் போட்டிக்குப் படம் எடுத்துத் தர முடியுமா என்று அதே செயலாளர் கேட்டார். வருவேன், ஆனால் பரிசளிப்பு எடுக்க மாட்டேன், விளையாடுகிறதை மட்டும்தான் எடுப்பேன் என்றேன். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார்.