சங்குக்குக் கத்திய செவலை

ஊறவைத்த புண்ணாக்கின் புளித்த வாடை வந்தால் போதும், திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் பழைய வீடு கண்முன் வந்துவிடும். அங்கே அம்மா, செவலை என்ற நாட்டுப் பசுவை வெயில் படாமல் தகரக் கொட்டகையிலேயே கட்டிப்போட்டு, வேளை தவறாமல் தீனி வைத்து வளர்த்தாள். பக்கத்து வீட்டு யசோதா பெரியம்மாவின் நாட்டு மாடுகளோ, காலையில் அவிழ்த்துவிட்டால் மார்க்கெட், கோயில் தெரு, கடலோரம் என்று திரிந்து, சுவரொட்டியைக்கூட மென்றுவிட்டு, வருஷம் தவறாமல் கன்று போட்டன. எங்கள் செவலைக்கு இரண்டு வருஷமாகச் சினையே இல்லை.

அப்பா வேலை பார்த்த ஆலையில் 'சங்கு' ஊதும்போது சில நாட்களில் செவலையும் சேர்ந்து கத்தும். "மேடத்துக்கு ஷிப்டுக்கு டைம் ஆய்டிச்சி" என்று தெருவே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன். பருவத்துக்கு வந்த மாடு கத்தும் என்பது தெரியாதவர்கள் இல்லை, ஆனால் யாருக்கும் அது தோன்றவில்லை.

"மலட்டு மாட்டுக்கு எத்தினி நாளு தீனி போடுவ? தள்ளிவுடு" என்று சொல்லி அப்பா தரகரை வரச் சொல்லிவிட்டார். அது அடிமாடாகத்தான் போகும் என்று தெரிந்ததால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தரகர் வருவதற்கு முந்தின நாள் ஆலையில் வேலைநிறுத்தம், சங்கு ஊதவில்லை. செவலை மட்டும் விடாமல் கத்தியது.

"சங்கே ஊதல, இன்னாத்துக்குக் கத்துது?" என்றாள் அம்மா.

பெரியம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அடியே, அது காளைக்குக் கத்திகினு கீதுடி! அவுத்துவுடு."

கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், லாரிகளுக்கு நடுவே புகுந்து, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை படுத்திருக்கும் கடலோர மணலுக்கு, அதுவரை பார்த்தே இராத வழியில், நேராகப் போய் நின்றது செவலை. பின்னால் ஓடிய நான் வாய் பிளந்து நின்றேன். அந்த வியப்பு இன்னும் எனக்குத் தீரவில்லை.

மறுநாள் வந்த தரகரை அம்மா திருப்பி அனுப்பினாள். மூன்றாம் மாதம் மாட்டு டாக்டர் தோள்வரை கையை விட்டுப் பார்த்து, "சினைதாம்மா" என்றார். பத்தாம் மாதம், யாரும் கை வைக்காமலே கன்று விழுந்தது. ஈரம் காய்வதற்குள் அது எழுந்து நின்றதைப் பார்த்து அப்பாவே போய்ப் புண்ணாக்கு ஊறவைத்தார்.

இப்போது ஆலை இல்லை, மணலைக் கருங்கல் கொட்டி மூடிவிட்டார்கள், தெருவில் திரியும் மாட்டை மாநகராட்சி வண்டி ஏற்றிப் போகிறது. செவலையைப் பற்றிப் பேச்சு வந்தால், அது போட்ட கன்றுகளை அம்மா சொல்வதில்லை. "அந்த ரெண்டு வருசத்துல எத்தினி தபா கத்திச்சோ, பாவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள்.