டொபி தோண்டிய புதையல்

கஜலட்சுமியின் வீட்டுத் தரைக்குள் புதையல் இருப்பதாக முதலில் அறிவித்தவர் தொழிற்சங்கத் தலைவர் மோகனராஜ். அவருக்கு அந்தத் தகவலைக் கொடுத்தது ஒரு நாய்.

நாயின் பெயர் டொபி, அதாவது டாஃபி மிட்டாய். நிறமும் அதுவே. ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில், கடைசிக் காம்பராவில் கஜலட்சுமியோடு வசிக்கிறது. அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தாள். முழங்கால் மடங்க மறுத்த பிறகு, கண்டி நகரத்தில் மஹ்மூத்தின் கண்ணாடிக் கடையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போகிறாள். கணவன் இல்லை, மகளைக் கலகெதரவில் கட்டிக் கொடுத்துவிட்டாள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அவளும் நாயும்தான். நாலு தலைமுறையாக அந்தக் குடும்பம் அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே செத்திருக்கிறது. ஆனால் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. ஒரு கடிதத்தில் வெளியே போகச் சொன்னால் போக வேண்டியதுதான். இதைச் சட்டம் என்று சொல்ல வெட்கப்படாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டு மாதமாக டொபிக்கு ஒரு வேலை வாய்த்திருந்தது. காலை எட்டு மணியானால் அடுப்புக்குப் பக்கத்துத் தரையை வெறித்துப் பார்க்கும். பிறகு பாயும், கடிக்கும், இரண்டு முன்னங்காலாலும் பிராண்டும். எட்டரைக்குப் பிறகும் விடாது. அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது நகத்தில் இரத்தம் கசியக் களைத்துக் கிடக்கும். சோறு இறங்காது. தரையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி விழுந்துவிட்டது.

"கஜாக்கா, நாய்க்கு மனுசனுக்குத் தெரியாததெல்லாம் தெரியும்," என்றார் மோகனராஜ். "அந்தக் காலத்து வெள்ளக்காரன் பவுனப் பொதச்சு வச்சிருப்பான்."

"வெள்ளக்காரன் லயத்துக் காம்பராவுலயா பொதப்பான் தலைவரே? அவன் பங்களாவுல எடமில்லாமயா போச்சு?"

"யாரும் தேடமாட்டாங்கன்னுதான் இங்க பொதச்சான். அவன் மூள அப்பிடி."

சம்பள உயர்வுக்கு ஒரு நாள் கூட இந்த அளவு உற்சாகமாகப் பேசியிராத தலைவர், புதையலுக்குத் தினமும் ஆஜரானார். பின்னால் கூட்டமும் வந்தது. ஒரு பூசாரி வந்து குழிக்கு விபூதி போட்டுவிட்டுக் கறுப்புச் சேவல் கேட்டார். எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்று நாயையே பார்த்தார்கள். நாய் எதைப் பார்க்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

செய்தி தோட்ட நிர்வாகத்துக்குப் போனது. கடிதம் வந்தது. காம்பராவில் சட்டவிரோத அகழ்வு நடப்பதாகவும், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தோட்ட அலுவலகக் கிளாக்கர் செல்லப்பா நேரில் வந்து பார்ப்பார் எனவும், அதற்குள் நாயை அகற்றாவிட்டால் காம்பரா மீளப் பெறப்படும் எனவும் அதில் இருந்தது. நாயா, வீடா என்பதுதான் கேள்வி. மழை ஒழுகுகிறது என்று அவள் கொடுத்த மனுக்கள் ஐந்துக்கும் இன்றுவரை பதில் இல்லை. நாய்க்கு நான்கே நாளில் பதில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை கடையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தாள்.

"நாய இங்க கொண்டு வந்திராதீங்க கஜா," என்றார் மஹ்மூத். அக்குறணைக்காரர், நாய் என்ற சொல்லைக் கேட்டாலே இடுப்புச் சாரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பவர். "ஆனா எங்கட சாச்சாட மகள் நப்லா மிருக டொக்டரா ஈக்கிறா. போன் பண்ணிச் சொல்றேன். பாவம், வாயில்லாத சீவன்."

மறுநாள் டொக்டர் நப்லா டொபியின் நகத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே விசாரித்தார்.

"சின்னக் குட்டியா இருந்தப்ப டோர்ச் அடிச்சு விளையாட்டுக் காட்டினீங்களா?"

கஜலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "கரண்டு இல்லாத வருசத்துல. போன் வெளிச்சத்தத் தரையில ஆட்டுவேன். ஓடி ஓடிப் பிடிக்கப் பாக்கும். சிரிப்பா இருக்கும்."

"பந்தப் பிடிச்சா அது வாய்க்குள்ள ஈக்கும். வெளிச்சத்தப் பிடிக்கேலாதே. முடியாத விளையாட்டுல மூள சிக்கிப் போச்சு. இப்ப வெளிச்சத்தக் கண்டா இவனால நிறுத்தேலாது. ஏசாதீங்க, அடிக்காதீங்க, சிரிக்கவும் வாணாம். அது எல்லாத்தையும் கைதட்டாத்தான் எடுத்துக்குவான். சரி, வீட்டுல எங்க இருந்து வருது வெளிச்சம்?"

"வெயில்தான் டொக்டர். காலைல எட்டுல இருந்து எட்டர வரைக்கும் ரொட்டி அளவுக்கு ஒரு பொட்டு. வெயில் எல்லா வீட்டுலயும் விழுதுதானே."

"வாசல் எந்தப் பக்கம்?"

"மேக்கால."

"வேற ஜன்னல்?"

"லயத்துல ஏது டொக்டர் ஜன்னல்?"

"அப்ப காலை எட்டு மணிக்கு மேக்கால இருந்தா வெயில் வருது?"

இரண்டு மாதத்தில் ஒரு பூசாரி, ஒரு தலைவர், ஒரு லயமே சேர்ந்து கேட்காத கேள்வி இது. அதைக் கேட்கத் தவம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கிழக்கு எது என்று தெரிந்திருந்தால் போதும்.

நாயை ஒரு வழிக்குக் கொண்டுவரச் சில மாதம் பிடிக்கும் என்று நப்லா சொன்னார். வெளிச்சத்தை மறைக்க வேண்டும். அந்த நேரத்தில் வெளியே நடத்திக் கூட்டிப் போக வேண்டும். சாக்குக்குள் கருவாட்டுத் துண்டுகளை ஒளித்துவைத்து மூக்கால் தேடவிட வேண்டும். "கண் செய்யிற வேலைய மூக்குக்குக் குடுங்க. தேடினா கிடைக்கும்னு அவனுக்குத் திரும்பத் தெரியணும். எத்தன தடவ பாய்ஞ்சான்னு தினமும் கொப்பியில எழுதுங்க. குறையல்லன்னா மாத்திரை பாப்போம்."

புதன்கிழமை காலை கஜலட்சுமி டொபியை வீட்டுக்குப் பின்னால் கட்டி, சாக்கைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். பொட்டு விழுந்ததும் முழங்கால் வலியோடு தரையில் படுத்து, அதன் மேல் கன்னத்தை வைத்து வாசலைப் பார்த்தாள். கண் கூசியது. மேட்டில், மேல் லயத்தில் குடியிருக்கும் பாலாம்பிகையின் வாசல் நிலைக்கு மேலே ஒரு வட்டக் கண்ணாடி சூரியனைப் போல எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடியை அவளுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் பாலாம்பிகை கேட்டதற்காக மஹ்மூத்திடம் விலை குறைத்து வாங்கி, உடையாமல் பத்திரிகையில் சுற்றி, மலையேறிச் சுமந்து வந்தது அவள்தான். பாலாம்பிகையின் மகன் கட்டாரிலிருந்து உடுப்புக் கழுவும் மிஷின் வாங்கி அனுப்பியபோது, "நல்ல மிஷின்" என்று கஜலட்சுமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையில் வந்த கண்ணூறை, பொறாமைக் கண்ணின் திருஷ்டியை, திருப்பி அனுப்பத்தான் கண்ணாடி அவள் வாசலைப் பார்த்துத் தொங்கியது. தன்னைச் சுடத் தானே துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் கழிவு விலையில்.

அன்று மாலையே மேட்டில் ஏறிப் போய்க் கேட்டாள்.

"கழட்ட மாட்டேன் புள்ள," என்றாள் பாலாம்பிகை. "அத மாட்டின பொறகுதான் மிஷின் ஒழுங்கா ஓடுது."

"என் நாய்க்குப் பைத்தியம் புடிச்சிருச்சு அக்கா."

"பாத்தியா? கண்ணாடி வேல செய்யுது."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கிளாக்கர் அளவு நாடாவோடு வந்தார். முழு லயமும் வந்தது. மேட்டில், கண்ணாடிக்குக் காவலாக, பாலாம்பிகை நின்றாள்.

"நாய் எங்க?"

"பின்னால கருவாடு தேடுது ஐயா. நாய வச்சு வேடிக்க காட்டக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க உள்ள வாங்க. மத்தவங்க எல்லாரும் வாசல விட்டு வெலகி நில்லுங்க."

கூட்டம் விலகியது. தரையில் வெளிச்சம் வந்து விழுந்து நடுங்கியது. கிளாக்கர் கையை நீட்டினார்; பொட்டு அவர் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.

"புதையல் இப்ப உங்க கையிலதான் இருக்கு ஐயா," என்றாள் கஜலட்சுமி.

யாரோ சிரித்தார்கள். மோகனராஜ் மேட்டைப் பார்த்தார். "அது யாரு கண்ணுக்கு மாட்டினது பாலாக்கா?"

பாலாம்பிகை வானத்தைப் பார்த்தாள்.

"என் கண்ணுக்குத்தான் தலைவரே," என்றாள் கஜலட்சுமி. "நான்தான் சொமந்துட்டு வந்தேன்."

கிளாக்கர் கையை உதறினார். "அது எப்பிடியோ போகட்டும். குழி குழிதான். தோட்டத்துச் சொத்துக்குச் சேதம்." குனிந்து நாடாவை விட்டார். நாடா சிவப்பு மண்ணில் இறங்கியது. விளிம்பில் சீமெந்து ஒரு விரல் தடிப்புக்குக்கூட இல்லை; அதற்குக் கீழே கல்லோ மணலோ இல்லை. கிளாக்கரின் முகம் மாறியது.

எல்லாவற்றையும் தாமதமாகவே புரிந்துகொள்ளும் மோகனராஜ், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொழிலாளிக்கு உதவும் கேள்வியொன்றை, தனக்கே தெரியாமல் கேட்டார்: "போன வருசம் கீழ் லயம் பூராவும் கொங்கிரீட் போட்டாச்சுன்னு நீங்கதானே மீட்டிங்ல வாசிச்சீங்க?"

குழியைப் படம் பிடிக்கப் போனை வெளியே எடுத்திருந்த கிளாக்கர் அவசரமாக நாடாவைச் சுருட்டினார்.

"ஐயா, குழியப் படம் புடிச்சு லெட்டரோட வச்சுக்குங்க," என்றாள் கஜலட்சுமி. "பெரிய தொரைக்கும் ஒண்ணு அனுப்புங்க. நாயோட படமும் வேணும்னா புடிச்சுக்கலாம்."

போன் சட்டைப் பைக்குள் திரும்பியது. "இதெல்லாம் குழியா? நாய் பிராண்டினது," என்றார் செல்லப்பா. கடிதத்தைக் கேட்டு வாங்கி நான்காக மடித்துக்கொண்டார். திங்கட்கிழமை கஜலட்சுமியின் வாசலில் இரண்டு மூடை சீமெந்தும் மணலும் வந்து இறங்கின. செவ்வாய்க்கிழமை கீழ் லயத்தில் மற்றப் பதினொரு காம்பராக்காரர்களும் தங்கள் தரையைத் தாங்களே தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். புதையல் தேடுவது அதற்குப் பிறகுதான் பிரயோசனமான தொழிலானது.

கண்ணாடி மட்டும் இறங்கவில்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது: காலை எட்டிலிருந்து எட்டரை வரை பாலாம்பிகை அதன் மேல் துவாய் போட்டு மூடுவாள். பாதுகாப்பில்லாத அந்த அரை மணி நேரத்துக்குக் கஜலட்சுமி மேல் லயத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"சத்தியமா பாக்க மாட்டியே?"

"பாக்க மாட்டேன் அக்கா."

அதனால் எட்டு மணியானதும் அவள் டொபியைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே கீழ்நோக்கி நடக்கிறாள். முதல் வாரம் கொப்பியில் நாற்பத்தொரு பாய்ச்சல் என்று எழுதியிருந்தாள். இந்த வாரம் ஆறு. நேற்றுக் கீழே கண்டி வீதியில் திரும்பிய பஸ் ஒன்றின் கண்ணாடி பளீரென்றது. டொபி நின்றுவிட்டது. உடம்பு விறைத்தது. கஜலட்சுமி ஏசவில்லை, இழுக்கவில்லை; ஒரு கருவாட்டுத் துண்டைப் புல்லுக்குள் போட்டாள். நாய் வெளிச்சத்தைப் பார்த்தது, புல்லைப் பார்த்தது, மறுபடியும் வெளிச்சத்தைப் பார்த்தது. பிறகு மூக்கைக் கீழே இறக்கியது.

பின்னால் மேட்டிலிருந்து, மிஷின் ஏதோ கரகரவென்று சத்தம் போடுவதும் பாலாம்பிகை அதை ஏசுவதும் கேட்டன. கஜலட்சுமி திரும்பவில்லை. எட்டரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.