எங்கள் முறைத் தண்ணீர்

எங்கள் குடியிருப்பின் வாசலில் டேங்கர் லாரி வந்து நின்றதும், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிப் போகிறவர் என் அப்பா ஒருவர்தான். எழுபதைத் தாண்டிவிட்டார். வலது காலைச் சற்றுத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். சங்கத்தில் அவருக்கு ஒரு பதவியும் கிடையாது. ஆனாலும் ஏ பிளாக் தொட்டி முதலா, பி பிளாக் தொட்டி முதலா என்பதை அவர்தான் தீர்மானிப்பார். "முறைன்னா முறைதான் சார்" என்று அவர் கறாராகச் சொன்னால், அவசரமாக ஆபீஸ் கிளம்புகிற கம்ப்யூட்டர் பையன்கள்கூட அடங்கிப்போவார்கள்.

மேடவாக்கத்துக்கும் கோவிலம்பாக்கத்துக்கும் நடுவே இன்று லாரி நிற்கிற இதே இடம், என் ஒன்பது வயதில் எங்கள் கழனியாக இருந்தது. ஏரி மதகைத் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் வரும். அதை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வோம். எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை, காலை ஆறிலிருந்து எட்டு வரை. அதைத் தவறவிட்டால் அடுத்த எட்டு நாளும் நாற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்பா ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார். அவருக்கு நைட் ஷிப்டு வரும் வாரங்களில் மடை திறக்கிற பொறுப்பு என்னுடையது. மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்தித் திறந்து, எட்டு மணி வரை காவல் நின்று, மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவேன். கலெக்டர் வேலை கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்திருக்காது.

எங்களுக்குக் கிழக்கே கழனி வைத்திருந்தவருக்கும் அப்பாவுக்கும் தண்ணீர் விஷயத்தில் ஆகாது. ஒரு தடவை எங்கள் முறை முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே அவர் வைக்கோல் மூட்டையால் எங்கள் மடையை அடைத்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. "இன்னொரு தபா மடையில கை வெச்சே, உன்னத் தொலச்சுடுவேன்" என்று அப்பா அத்தனை பேர் நடுவிலும் கத்தினார். மறுநாள் காலை அதே மனிதர் என்னைக் கூப்பிட்டு இரண்டு வெள்ளரிப் பிஞ்சுகளைக் கையில் திணித்து, "உங்கப்பன்கிட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

அடுத்த முறை வந்த நாளில் அவர் செத்துக் கிடந்தார். விடியற்காலையில் பால் ஊற்றப் போனவர்தான் பார்த்தது. எங்கள் இரண்டு கழனிகளுக்கும் இடையிலிருந்த வரப்பில் குப்புறக் கிடந்தாராம், பின்மண்டையில் அடியாம். அப்பாவுக்கு நைட் ஷிப்டு வாரம். மண்வெட்டியோடு நான் போனபோது அவரை வேட்டியால் மூடியிருந்தார்கள். வரப்பிலிருந்து இறங்கி எங்கள் கழனிச் சேற்றை மிதித்துக்கொண்டு யாரோ ஓடியிருந்த காலடிகள் பளிச்சென்று தெரிந்தன. "உள்ள யாரும் கால் வெக்காதீங்கபா, போலீஸ் நாய் வருது" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அம்மா, செத்தவரின் மனைவியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டில் இருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தமும் கேட்டது. வெயில் பனைமர உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் முறையில் பாதிக்கு மேல் போயாகிவிட்டது. ஊரே பிணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, எங்கள் தண்ணீர் கேட்பாரில்லாமல் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கால் வைக்கக் கூடாது என்றார்கள், நான் வைக்கவில்லை. வாய்க்கால் கரையில் நின்றபடியே மடையை வெட்டிவிட்டேன். தண்ணீரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே!

யாராவது திரும்பிப் பார்ப்பதற்குள் கழனி முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. அந்த நேரத்தில்தான் அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிபாரமும் கையில் டிபன் பாக்ஸுமாக வந்தார். மூடிய வேட்டியைப் பார்த்தார், கழனியைப் பார்த்தார், மேலெல்லாம் சேறு தெறித்து நின்ற என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். நான் களைத்திருப்பேன் என்று வாங்கிக்கொண்டதாக நினைத்தேன்.

ஜீப்பில் நாய் வந்தது. வேட்டியை மோந்துவிட்டு வரப்பில் கம்பீரமாக ஓடியது. எங்கள் கழனி ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தது. பிறகு குனிந்து, சாவகாசமாகக் குடிக்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டுத் தண்ணீரைப் போலீஸ் நாய் குடித்த விஷயத்தை வகுப்பில் யார் யாரிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"யார்யா தண்ணி தொறந்தது?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"நான்தான் சார். இன்னிக்கி எங்க முறை" என்றார் அப்பா.

"கொல நடந்த எடத்துல உனக்கு மொற கேக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மடை திறந்தது நான், பெயர் வாங்குவது அவரா! "இல்ல சார்" என்று வாயைத் திறந்தேன். எப்போது வந்தாளோ தெரியவில்லை, அம்மா பின்னாலிருந்து என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தாள். கூட்டத்தில் ஒருவர் போன வாரச் சண்டையை இன்ஸ்பெக்டர் காதில் போட்டார். அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப் சவாரியும் அவருக்கே போனது.

இரண்டு நாள் கழித்து, அந்த ராத்திரி முழுக்க அவர் வேலையில் இருந்தார் என்பதற்குக் கம்பெனி வருகைப் பதிவு வந்து சேர்ந்த பிறகே அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது நொண்டினார். "வரப்புல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றார் என்னிடம். ஸ்டேஷனில் ஏது வரப்பு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்கிற மாதிரியும் நான் இல்லை. என் வேலையைத் தன் பெயரில் சொல்லிக்கொண்ட மனிதரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன். அவர் வாங்கி வந்த பன்னைக்கூடத் தொடவில்லை. "தப்புதான் பாப்பா, அடுத்த தபா உம்பேரச் சொல்லிடறேன்" என்று அப்பா கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். அம்மா அடுப்படியில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. மனை வாங்க வந்தவர்கள் என்றார்கள், பங்காளி என்றார்கள், எதுவும் நிற்கவில்லை. அந்தக் காலடிகள் மட்டும் இருந்திருந்தால் என்று இப்போதும் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன். வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தவருக்கு நான் செய்தது அவற்றைத் தண்ணீர் விட்டு அழித்தது மட்டும்தான் என்பது எனக்கு வருத்தம்தான்.

எட்டாம் நாள் மறுபடி எங்கள் முறை வந்தது. அப்பா லீவில் இருந்தார். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெள்ள நடந்து வந்து, மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.

"நீயே தொற பாப்பா. நான் இப்பிடி ஒக்காந்துக்கறேன்."

ஒருவழியாகத் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்கு மனம் குளிர்ந்தது. அவரோடு பேசுவது என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன். அப்பா கரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் வாய்க்கால் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, "அப்பாடா" என்றார். அடிப்பாதங்கள் இரண்டும் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தன. கம்பெனி பூட்ஸ் கடித்திருக்கும் என்று நினைத்தேன். நான் மண்வெட்டி பிடிக்கிற அழகைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்று நினைத்து, அவருக்காக இன்னும் நாலு கொத்துக் கூடுதலாகக் கொத்தினேன்.